மூன்று மணிகளும் மூன்று முயற்சிகளும்

செபமாலையில் பாடுபட்ட சுரூபத்துக்கும் முதலாவது பத்துமணிக்கும் இடையில் மூன்று சிறிய மணிகள் இருக்கின்றன. ஒன்று விசுவாசத்துக்கு, ஒன்று நம்பிக்கைக்கு, ஒன்று அன்புக்கு. மாலையில் குடும்பமாக முழந்தாட்படியிடும் எம்மவரில் எத்தனை பேர் அந்த மூன்று மணிகளில் சற்றுத் தரித்து நிற்கிறோம்? பெரும்பாலும் அவை எமக்கு வாசற்படிகளாகவே இருந்துவிடுகின்றன. உள்ளே போகும் அவசரத்தில் படியை யார் பார்க்கிறார்கள்?

எனது அம்மம்மா பழைய செபப் புத்தகத்தின் ஒழுங்கை விடாதவர். காலையில் எழுந்ததும் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்ற மூன்றையும் சொல்லாமல் அடுப்பு மூட்டமாட்டார். சிறுவனாக இருந்தபோது அந்தப் பெயர்கள் எனக்கு விளங்கவில்லை. "செபம் எண்டு சொல்லாமல் ஏன் அம்மம்மா முயற்சி எண்டு சொல்லுறியள்?" என்று கேட்டேன். "சொன்னாப் போதுமே மோனை, செய்யவும் வேணுமெல்லே" என்றார்.

பின்னர் குருமடத்தில் படித்தபோது அந்தப் பெயரின் வரலாறு தெரிந்தது. இலத்தீனில் 'செயல்' என்று பொருள்படும் சொல்லுக்கே எமது முன்னோர் 'முயற்சி' என்று தமிழ் கண்டிருக்கிறார்கள். இறையியல் நூல்களில் நான் படித்ததை அம்மம்மா அடுப்படியிலேயே சொல்லிவிட்டார்.

1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் இச்சொற்கள் மாறின. முன்பு விசுவாசம் என்றது நம்பிக்கை ஆயிற்று. முன்பு நம்பிக்கை என்றது எதிர்நோக்கு ஆயிற்று. மொழி காலத்துக்குக் காலம் மாறும். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் 'முயற்சி' என்ற சொல்லும் எமது நாவிலிருந்து மறைந்துவிட்டதே என்பதுதான் எனது கவலை. இன்று விசுவாசம் என்றால் ஒரு கொள்கை, நம்பிக்கை என்றால் ஒரு மனநிலை, அன்பு என்றால் ஓர் உணர்வு என்று எண்ணுகிறோம். மூன்றையும் ஞாயிறு திருப்பலிக்குக் கொண்டுவந்து, திரும்பும்போது கோயிலிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். நான் மற்றவரைக் குறை சொல்லவில்லை. இந்தத் தவறை முதலில் செய்தவன் நானே.

ஒரு திங்கட்கிழமை

2017ஆம் ஆண்டு. வன்னியில் ஒரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை திருமணத் திருப்பலி. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. அன்பைப் பற்றி நீண்ட மறையுரை ஆற்றினேன். நல்ல மறையுரை என்று பலரும் சொன்னார்கள். விருந்தின்போதுதான் கவனித்தேன், வழக்கமாகப் பந்தி பரிமாற முன்னுக்கு நிற்கும் ஐந்து பெண்களைக் காணவில்லை. வயதான உபதேசியாரிடம் விசாரித்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவை ஒரு வளவுக்குள்ள இருக்கினம் சுவாமி, லோன் காசு" என்றார்.

அந்த வளவுக்குப் போனேன். நான்கு பெண்கள் மாமரத்தின் கீழ் இருந்தார்கள். ஐந்தாமவள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். நால்வரும் மரியாயின் சேனையில் இருப்பவர்கள். உள்ளே இருப்பவளும் அதே சேனையைச் சேர்ந்தவள்தான். ஒருத்தி எழும்பி வந்து, "நீங்கள் போங்கோ சுவாமி. அவ காசு வைச்சாத்தான் நாங்கள் எழும்பலாம். இல்லாட்டி எங்கட தலையில விழும்" என்றாள். நான் உண்ட விருந்து எனக்குச் செமிக்கவில்லை.

நுண்கடன் எப்படி இயங்குகிறது என்பது வாசகர்கள் பலருக்குத் தெரிந்ததே. ஆயினும் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். அவள் எடுத்தது 40,000 ரூபா. கிழமைக்கு 1,000 ரூபாவாக 52 கிழமைகள் கட்டவேண்டும். வட்டி 12,000 ரூபா, அதாவது நூற்றுக்கு முப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் முதற் கிழமையிலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகிறது. வருடம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் சராசரியாக ஏறத்தாழ 20,000 ரூபாதான் அவளுடைய கையில் இருந்திருக்கிறது. அதற்கு 12,000 ரூபா வட்டி என்றால் நூற்றுக்கு அறுபது அளவில் வருகிறது. இந்தக் கணக்கை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பிணையாக நகையோ காணி உறுதியோ கேட்கவில்லை. ஐவரும் ஒருவருக்கொருவர் பிணை நிற்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஒருத்தி தவறினால் மற்ற நால்வரும் கட்டவேண்டும். அவள் தவணை கட்ட முடியாமல் இன்னோர் இடத்தில் கடன் எடுத்தாள். அதைக் கட்ட மூன்றாவது இடத்தில் எடுத்தாள்.

அயலவர்கள் ஒருவருக்காக ஒருவர் பொறுப்பேற்பது கிறிஸ்தவ அன்பின் அடையாளம் அல்லவா? அந்த அன்பையே ஈடாக வாங்கி, தோழிகளை ஒருவருக்கொருவர் காவல் வைக்கும் ஏற்பாடு இது. நான் கோயிலில் அன்பைப் பற்றி அழகாகப் பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில், ஐம்பது யார் தூரத்தில் அன்பு வட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது.

விசுவாசம்: நம்பத்தகுந்தவராக இருத்தல்

உபதேசியாரும் நானும் சில பெண்களைக் கூட்டி, கிழமைக்கு நூறு ரூபா வீதம் சேமிக்கும் ஒரு சிறு குழுவைத் தொடங்குவோமா என்று கேட்டோம். முதலாவது கேள்வி உடனே வந்தது: "காசு ஆரிட்ட இருக்கும் சுவாமி?"

அந்தக் கேள்வியில் ஒரு பழைய காயம் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அவ்வூரில் ஒரு சங்கத்தின் பணம் காணாமற் போயிருந்தது. பொறுப்பாக இருந்தவர் ஞாயிறுதோறும் முன்வரிசையில் இருப்பவர். கடவுளை விசுவசிப்பவர் என்று எல்லோரும் அறிவர். அவரை விசுவசிக்கத்தான் ஒருவரும் இல்லை.

தமிழில் விசுவாசம் என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒருவரை நம்புவதும் விசுவாசம், ஒருவருக்கு உண்மையாக இருப்பதும் விசுவாசம். நாம் முதலாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம். விசுவாசப் பிரமாணத்தைத் தவறில்லாமல் சொல்கிறவர் தராசைச் சரியாகப் பிடிக்கிறாரா? கூலியாளுக்குச் சொன்ன கூலியைச் சொன்ன நாளில் கொடுக்கிறாரா? வாய்க்கால் தண்ணீரைத் தன் முறை முடிந்ததும் அடுத்த வயலுக்குத் திருப்பிவிடுகிறாரா? செயலில்லாத விசுவாசம் உயிரற்றது என்று யாக்கோபின் திருமுகம் கண்டிப்பாகச் சொல்வது இதைத்தான்.

பணத்தை ஒரு பெட்டியில் வைத்து, மூன்று பூட்டுப் போட்டு, மூன்று வீடுகளில் திறப்புகளைக் கொடுத்தோம். கணக்கு ஒவ்வொரு கிழமையும் எல்லோர் முன்னிலையிலும் உரத்து வாசிக்கப்பட்டது. அப்போது ஒரு தாய் எழுந்து, "கோயில் கணக்கையும் இப்படி வாசிக்கலாமே சுவாமி" என்றார். எனக்கு முகம் சிவந்தது. அடுத்த மாதமே பங்கின் வரவு செலவைக் கோயில் வாசலில் ஒட்டினேன். முதல் மாதத்தில் ஏழு பேராக இருந்த குழுவில் அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் சேர்ந்தார்கள்.

நம்பிக்கை: பனை நடுவது

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மழையில், இருளில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி மக்கள் அடி அடியாக நகர்ந்த அந்த இரவை அனுபவித்தவர்கள் மறக்கமாட்டார்கள். அம்மம்மாவின் கையில் செபமாலை இருந்தது. சேலைத் தலைப்பில் ஒரு சிறு முடிச்சும் இருந்தது. நகையாக்கும் என்று நினைத்தேன். தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் தங்கிய மூன்றாம் நாள் முடிச்சை அவிழ்த்தார். மிளகாய் விதையும் பயற்றங்காய் விதையும் இருந்தன. கிணற்றடி ஈரத்தில் ஊன்றினார். "நாங்கள் எத்தனை நாள் இஞ்ச இருப்பம் எண்டு தெரியாதே அம்மம்மா" என்றேன். "நாங்கள் போனா வாற ஆக்கள் பிடுங்குவினம்" என்றார்.

தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பது எமது பழமொழி. பனை நடுபவன் தன் காலத்தில் பெரும் பயனை எதிர்பார்க்க முடியாது. ஆயினும் நடுகிறான். போரில் தலை இழந்த பனைகள் நின்ற காணிகளில் மீண்டும் பனங்கொட்டை ஊன்றும் முதியவர்களைப் பார்க்கும்போது, இறையியல் நூல்கள் தராத விளக்கம் எனக்குக் கிடைக்கிறது.

காத்திருப்பது வேறு, நம்பிக்கை கொள்வது வேறு. போர் 2009இல் முடிந்த பின்னர் எமது கிராமங்களில் பட்டியல்களுக்காகக் காத்திருக்கும் பழக்கம் வேரூன்றியது. வீட்டுத் திட்டப் பட்டியல், வாழ்வாதாரப் பட்டியல், நிவாரணப் பட்டியல். தேவையிலிருந்து எழுந்த பழக்கம் என்பதால் அதைப் பழிக்கமாட்டேன். உதவி நிறுவனங்களில் பணியாற்றிய நாமும் அப்பழக்கத்துக்குப் பங்காளிகள். ஆனால் பட்டியலில் பெயர் வருமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பதை நம்பிக்கை என்று எண்ணிவிடக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். துன்பப்படுகிறவரிடம் "நம்பிக்கையாக இருங்கள்" என்று இலகுவாகச் சொல்லிவிடும் உரிமை எமக்கு இல்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த அத்தாய்மாருக்கு மறையுரை தேவைப்படவில்லை. உண்மையைக் கேட்டு ஒவ்வொரு நாளும் வெயிலில் வந்து அமர்வதே அவர்களுடைய நம்பிக்கை முயற்சி. பக்கத்தில் போய் இருப்பதுதான் அங்கு ஒரு குரு செய்யக்கூடிய பணி. பதிலை அறியாமலே அத்தாய்மாரில் பலர் இறந்தும் போனார்கள்.

2025ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், எதிர்நோக்கையே அதன் மையப்பொருளாக வைத்தார். 2024 மே மாதம் வெளியான அந்த அறிவிப்பு மடலில் அவர் வெறும் ஆறுதல் மொழிகளோடு நிற்கவில்லை. சிறைப்பட்டோர், நோயாளர், புலம்பெயர்ந்தோர் ஆகியோரைக் குறிப்பிட்டு, ஏழை நாடுகளின் கடன்களை மன்னிக்கும்படியும் செல்வந்த நாடுகளைக் கேட்டார். இது புதிய போதனை அல்ல. லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் யூபிலி ஆண்டென்பது நிலம் உரியவரிடம் திரும்பும் ஆண்டு, அடிமைப்பட்டவர் வீடு திரும்பும் ஆண்டு. எமது பங்குகளில் யூபிலிப் பதாகைகள் கட்டினோம், திருயாத்திரைகள் போனோம். எமது ஊரில் கடனுக்கு அடிமைப்பட்டிருந்த யாராவது அவ்வாண்டில் வீடு திரும்பினார்களா என்று எத்தனை பங்குச் சபைகள் கேட்டன?

அன்பு: பங்கு

தமிழ்க் கத்தோலிக்கர் தமது திருச்சபைப் பிரிவைப் பங்கு என்கிறார்கள். பகிர்ந்துகொள்ளும் கூறுக்கும் அதே சொல்தான். சிறுபோகத்தில் குளத்தில் நீர் குறைவாக இருக்கும்போது, எல்லா வயலும் செய்ய முடியாது. கமக்காரர் கூடி, இருக்கும் நீருக்கு எத்தனை ஏக்கர் என்று கணித்து, ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். நீர் போதாத காலத்தில்தான் பங்கு என்ற சொல்லுக்குப் பொருள் வருகிறது. நிறைய இருக்கும்போது மிச்சத்தைக் கொடுப்பது தருமம். போதாத போது கூடியிருந்து பிரித்துக்கொள்வதே அன்பு.

அன்பைப் பற்றிய 13ஆம் அதிகாரத்தைத் திருமணங்களில் தனியாக வாசித்து வாசித்து, அது எந்தக் கடிதத்தில் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டோம். 11ஆம் அதிகாரத்தில் புனித பவுல் கொரிந்தியரைக் கடிந்துகொள்கிறார். ஆண்டவரின் விருந்துக்கு வருகிறவர்களுள் வசதியுள்ளவர் முந்தி உண்ண, ஏழைகள் பசியோடு நிற்கிறார்கள் என்பதே காரணம். 16ஆம் அதிகாரத்தில் எருசலேம் மக்களுக்கான உதவியைப் பற்றி எழுதுகிறார். வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தமக்கு இயன்றதைத் தனியாக எடுத்துச் சேர்த்து வைக்கவேண்டும் என்பது அவருடைய ஒழுங்கு. ஒரு பக்கம் பந்தியில் பாகுபாடு, மறு பக்கம் வாராந்தச் சேமிப்பு, நடுவில் அன்பின் அதிகாரம். தெசலோனிக்கருக்கு எழுதிய முதற் திருமுகத்தின் தொடக்கத்திலும் விசுவாசத்தோடு செயலையும், அன்போடு உழைப்பையும், நம்பிக்கையோடு மன உறுதியையும் சேர்த்தே சொல்கிறார். கூடாரம் செய்து பிழைத்த அந்தத் தொழிலாளிக்கு இவை மூன்றும் வியர்வையோடு சம்பந்தப்பட்டவை.

திருச்சபையின் வரலாற்றிலும் இந்த வழி இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பிரான்சிஸ்கன் துறவிகள், கொடிய வட்டியிலிருந்து ஏழைகளைக் காக்கக் குறைந்த செலவில் பணம் கொடுக்கும் அடகு நிலையங்களை ஏற்படுத்தினார்கள். எமது நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911இலேயே வந்தது. அவற்றின் அடிப்படை எளிமையானது: முதலில் சேமிப்பு, பின்னர் கடன். கடன் கொடுப்பவரும் எடுப்பவரும் அதே ஊரவர், வட்டியும் ஊருக்குள்ளேயே நிற்கும். எமது சிறு குழுவும் அதையே பின்பற்றியது.

அந்தப் பெண்ணின் கடன் முழுவதும் தீர்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இலகுவாக நடக்கவில்லை. பங்குப் பணத்தில் உடனே கட்டிவிடுவோம் என்று நான் அவசரப்பட்டேன். "இண்டைக்கு ஒராளுக்குக் கட்டினா நாளைக்கு அம்பது பேர் நிப்பினம் சுவாமி. கூட இருந்து கணக்கைப் பாருங்கோ" என்று உபதேசியார் தடுத்தார். அவர் சொன்னதே சரி. மூன்று கடன்களையும் ஒரு கொப்பியில் எழுதி, வட்டி கூடியதை முதலில் அடைக்கத் திட்டமிட்டோம். 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. தவணை தவறியிருந்த கடன்களுக்கே அது பொருந்தியது. ஓர் இடத்தில் எடுத்து மற்ற இடத்தில் ஒழுங்காகக் கட்டிவந்தவளுக்கு முழுப் பயன் கிடைக்கவில்லை. எல்லாம் அடைபட இரண்டு வருடங்களுக்கு மேல் சென்றது. அதற்கிடையில் அயலில் இன்னொரு குடும்பம் இரவோடிரவாக ஊரைவிட்டுப் போய்விட்டது. அவர்களை நாங்கள் நேரத்தோடு தேடிப் போகவில்லை. அந்த வெற்றுவீட்டைக் கடக்கும்போதெல்லாம் அது என்னைக் கேள்வி கேட்கும்.

ஆனால் ஒன்று நடந்தது. ஒரு திங்கட்கிழமை அந்த நால்வரும் மீண்டும் அதே மாமரத்தின் கீழ் இருந்தார்கள். இம்முறை கதவு திறந்திருந்தது. ஐவரும் இடியப்பம் அவித்து, சுற்றுலாப் பேருந்தொன்றின் கட்டளைக்காகப் பொதி கட்டிக்கொண்டிருந்தார்கள். கூடிய வட்டிக் கடனின் கடைசித் தவணைக்கான உழைப்பு அது. ஒருத்தி மட்டும் இன்னமும் மற்றவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் பக்கத்தில் இருந்து இடியப்பம் பிழிந்தாள். தேவசிநேக முயற்சி என்றால் என்னவென்று நான் அன்று பார்த்தேன்.

நாம் செய்யக்கூடியவை

இவை மூன்றும் இறைவனின் கொடைகள் அல்லவா, அவற்றை மனித முயற்சி என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். உண்மை, கொடைகளே. மழையும் கொடைதான். ஆனால் வரம்பு கட்டாத வயலில் மழை நிற்பதில்லை.

ஆகவே வாசகர்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, உங்கள் பங்கின், சங்கத்தின், சபையின் கணக்கு எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும். விசுவாசம் அங்கிருந்து தொடங்கட்டும். இரண்டாவது, அடுத்த மழைக்கு முன்னர் உங்கள் பயனுக்கு அல்லாத ஒன்றை நடுங்கள். அது பனங்கொட்டையாகவும் இருக்கலாம், அயல் வீட்டுப் பிள்ளையின் படிப்பாகவும் இருக்கலாம். மூன்றாவது, இந்தக் கிழமை திருப்பலிக்கு வராதவர் யார் என்று பாருங்கள். ஏன் வரவில்லை என்று கண்டிப்பதற்காக அல்ல. அவருடைய வளவுக்குள் யாராவது இருக்கிறார்களா, கதவு சாத்தியிருக்கிறதா என்று அறிவதற்காக.

இன்று மாலை செபமாலையைக் கையில் எடுக்கும்போது அந்த மூன்று சிறிய மணிகளில் சற்று நில்லுங்கள். ஒவ்வொரு மணியிலும் ஒரு வீட்டை நினையுங்கள். செபம் முடிந்ததும் அந்த வீடுகளில் ஒன்றுக்காவது போய் வாருங்கள்.